அம்பாசடர் இன்ஜினில் ஆயில் ஒழுக்கு: இடம் பிடிப்பதும் அடைப்பதும்

பழைய 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் வண்டிக்கு அடியில் ஆயில் சொட்டினால் முதலில் கை போவது இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்புக்குத்தான். பெரும்பாலும் அது வீண் வேலை. ஆயில் எங்கே கசிந்தாலும் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரு தடவை போய் வந்தால், இன்ஜின் உச்சியில் இருக்கும் வால்வு கவரில் கசிந்த ஆயில், பின்னால் க்ளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் வரை வந்திருக்கும். ஆகவே சொட்டும் இடத்தை விடுங்கள். நனைந்த இடங்களில் எது மிக மேலே, எது மிக முன்னே என்று பாருங்கள்.

அதற்கு இன்ஜின் சுத்தமாக இருக்க வேண்டும். ஆறிய இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரையும் டைனமோவையும் பிளாஸ்டிக் பையால் மூடி, மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்துக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீரால் அலசி நன்றாகக் காய்ந்த பிறகு, பேக்கிங் (மூட்டுகளில் கசிவைத் தடுக்க வைக்கும் கார்க் போன்ற அடைப்பு) சேரும் இடங்களில் எல்லாம் டால்கம் பவுடர் தூவுங்கள். மழை நாளில் பவுடர் ஈரத்தில் கட்டிவிடும் என்பதால் வெயில் நாளில் செய்வது நல்லது. இன்ஜினை 15 நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம்.

எந்தப் பேக்கிங்கையும் மாற்றும் முன், இன்ஜினுக்குள் சேரும் புகையை வெளியேற்றும் பிரீதரைப் பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு டாப்பெட் கவர்களில் முன்னதிலிருந்து இறங்கும் குழாயும், வால்வு கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ஹோஸும் கரி பிடித்து அடைத்தால், கிராங்க் கேசில் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் கீழ் அறை) அழுத்தம் ஏறி எல்லா மூட்டிலும் ஆயிலைத் தள்ளும். புதுப் பேக்கிங் போட்டாலும் ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகும். இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஊதிப் பாருங்கள். பிறகு சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். லேசாக மூச்சு விட்டால் சரி. புகை தொடர்ந்து பீச்சினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அங்கே பேக்கிங்கால் பயனில்லை. டிப் ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் பெட்ரோல் பம்பின் டயாபிரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்து ஆயில் நீர்த்திருக்கலாம். நீர்த்த ஆயில் எந்தச் சந்திலும் நுழையும். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் ஒழுகத்தான் செய்யும்.

வால்வு கவர் தகடு மெல்லியது. நட்டை இறுக்க இறுக்க விளிம்பு வளையும், ஒழுக்கு கூடும். கவரைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வைத்தால் எங்கே தூக்கி நிற்கிறது என்று தெரியும். மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி நேராக்குங்கள். கார்க் பேக்கிங்கைக் கவர் பக்கம் மட்டும் ஒட்டுங்கள், ஹெட் பக்கம் லேசாகக் கிரீஸ் தடவினால் போதும். கடையில் கிடந்து சுருங்கிய கார்க் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் அளவுக்கு வரும். நட்டுக்கு அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷையும் மாற்றுங்கள். இறுக்கம் 5.5 நியூட்டன் மீட்டர். சின்ன ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவுதான் அது.

டாப்பெட் கவர்கள் இரண்டும் மேனிஃபோல்டுக்குக் கீழே சூட்டில் இருப்பதால் அங்கே கார்க் சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கே இறுக்கம் இன்னும் குறைவு, 2.7 நியூட்டன் மீட்டர். சிலிகான் பேஸ்ட்டை அப்பி அடைப்பது கெட்ட பழக்கம். உள்ளே பிதுங்கும் துண்டு பிய்ந்து சம்பில் விழுந்து ஆயில் வடிகட்டியை அடைத்தால் பேரிங்கே போய்விடும்.

ஆயில் மாற்றிய உடனே ஃபில்டர் பக்கம் பீறிட்டால், பழைய ரப்பர் வளையம் பள்ளத்திலேயே ஒட்டியிருக்க, மேலே புதியதைப் போட்டிருப்பார்கள். ஊசியால் நெம்பி எடுங்கள். டிரெயின் பிளக்கின் செம்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும்.

முன் புல்லிக்குப் பின்னால் ஈரம் என்றால் டைமிங் கவர் சீல். புது சீல் போட்ட கவரை வைத்து, போல்ட்டுகளை இறுக்கும் முன் புல்லியை உள்ளே செலுத்துங்கள். சீல் நடுவில் அமரும், அதன் பிறகு இறுக்குங்கள். உள்ளே இருக்கும் ஆயில் திரோவரில் (ஆயிலைச் சீல் பக்கம் வராமல் வீசும் தட்டு) எஃப் எழுத்து வெளியே பார்க்க வேண்டும். புல்லியில் சீல் ஓடிய தடம் நகத்துக்குத் தட்டுப்பட்டால் புது சீலும் நிற்காது, அதை லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

குளச்சல், முட்டம் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் சம்பே அரித்து ஊசித்துளை விழும். சம்பைக் கழற்றித் துருவைச் சுரண்டி, வெளியே சுண்ணாம்புக் கட்டியைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி இரவு முழுக்க வையுங்கள். துளை இருக்கும் இடத்தில் வெள்ளையில் கறுப்புப் புள்ளி விழும். வண்டிக்கு அடியில் போகும்போது ஸ்டாண்டு கட்டாயம். மணல் தரையில் ஸ்டாண்டுக்குக் கீழே கனமான பலகை போடுங்கள்.

பெல் ஹவுசிங் அடியில் காட்டர் பின் தொங்கும் ஓட்டையில் சொட்டினால் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க மெயின் பேரிங்காக இருக்கலாம், கியர்பாக்சாகவும் இருக்கலாம். கியர் ஆயில் போட்டிருந்தால் கந்தக வாடை காட்டிக் கொடுக்கும். இந்த இன்ஜினில் பின்பக்க மெயினுக்கு மாற்றக்கூடிய சீல் கிடையாது. கிராங்க்கில் வெட்டிய திருகுமரைதான் சுழலும்போது ஆயிலைத் திருப்பி அனுப்புகிறது. குலசேகரம், பேச்சிப்பாறை மேட்டில் மூக்கு உயர்த்தி நிறுத்தினால் நாலைந்து சொட்டு விழுவது அதன் இயல்பு. மெயின் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால்தான் ஓட்டம் அதிகமாகும், அதற்கு இன்ஜினை இறக்க வேண்டும். பிரீதரும் ஆயில் மட்டமும் சரியாக இருந்து, க்ளட்ச் வழுக்கவில்லை என்றால் அதை இப்போதைக்குத் தொடாதீர்கள்.