இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு: பேச்சுக்கு ஒரு ரெஃபரல், சாப்பாட்டுக்கு இன்னொரு ரெஃபரல்

ஊரில் பிள்ளை பேசவில்லை, மென்று சாப்பிடவில்லை என்றால் ஒரே தெரபி சென்டரில் இரண்டையும் காட்டிவிட்டு வருவோம். இங்கிலாந்தில் அப்படி இல்லை. பேச்சுக்கு ஒரு வரிசை, விழுங்குவதற்கும் மெல்வதற்கும் வேறு வரிசை. இரண்டையும் பார்ப்பவர் ஸ்பீச் அண்ட் லாங்குவேஜ் தெரபிஸ்ட் என்ற ஒரே பெயரோடு இருப்பதால்தான் நம்மவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தெரிந்த குடும்பம் ஒன்று, "பேச்சுத் தாமதம்" என்று மட்டும் எழுதிய ரெஃபரலை (நிபுணர் டீமுக்கு அனுப்பும் பரிந்துரையை) நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தது. முதல் சந்திப்பில் கிடைத்த பதில்: "சாப்பாட்டுப் பிரச்சினையை இந்த டீம் பார்ப்பதில்லை." மறுபடி முதலிலிருந்து வரிசை. அந்தப் பிள்ளைக்கு அவசரமாக வேண்டியிருந்தது சாப்பாட்டு உதவிதான்.

முதல் படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வந்த வாரமே ஜிபியிடம் (பகுதிக் குடும்ப மருத்துவரிடம்) பதிவு செய்யுங்கள். முகவரிச் சான்றோ விசா ஆவணமோ இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்பது விதி. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஹெல்த் விசிட்டர் (வளர்ச்சியைக் கவனிக்கும் செவிலியர்) உண்டு. தானாக வருவார் என்று காத்திருக்காமல் ஜிபி ரிசப்ஷனில் நம்பர் வாங்கிக் கூப்பிடுங்கள். செவிப் பரிசோதனைக்கும் அப்போதே கேட்டுவிடுங்கள். இங்கே பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே அது முடிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு நடந்திருக்காது, நடந்திருந்தாலும் காகிதம் கையில் இருக்காது. காதுக்குள் நீர் கோத்து நிற்கும் க்ளூ இயர் சின்னப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது. அது இருந்தால் பேச்சு மந்தப்படும். பேச்சு டீமும் முதலில் அந்த ரிசல்ட்டைத்தான் கேட்கும்.

பேச்சுக்குப் பல இடங்களில் பெற்றோரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். நர்சரியில் சேர்ந்திருந்தால் அங்குள்ள சென்கோவும் (சிறப்புத் தேவைகளுக்குப் பொறுப்பான ஆசிரியர்) அனுப்பலாம். சாப்பாட்டுக்கு அப்படி இல்லை. பெரும்பாலும் ஜிபி, ஹெல்த் விசிட்டர் அல்லது குழந்தை மருத்துவர் எழுத வேண்டும். அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஃபஸி ஈட்டர்" (சாப்பாட்டில் அடம்பிடிக்கிறான்) என்று ஒரு வரி போட்டால் பொதுவான அறிவுரைத் தாள் ஒன்றோடு ரெஃபரல் திரும்பி வந்துவிடும். வரிசையில் ஏற்றுக்கொள்ள வைப்பவை மூன்று விஷயங்கள்: விழுங்குவதில் ஆபத்து, எடை, சாப்பாட்டின் பதம்.

எனவே ஜிபியிடம் வாயால் சொல்லி விட்டுவிடாமல் அரைப்பக்கம் எழுதிக் கொடுங்கள். இந்த மாதிரி இருந்தால் போதும்: "வயது 2 வருடம் 8 மாதம். தண்ணீர் குடிக்கும்போது வாரத்தில் நாலைந்து தடவை புரையேறுகிறது. குடித்த பிறகு குரல் ஈரமாகக் கரகரக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் நெஞ்சுச் சளிக்கு இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக். மிக்ஸியில் அரைத்த பருப்புச் சாதம், தயிர், பால் தவிர வேறு எதுவும் இறங்குவதில்லை. கட்டி தட்டுப்பட்டால் குமட்டித் துப்புகிறான். ஒரு வேளைக்கு 50 நிமிடம் ஆகிறது." இதன் கீழே ஊரில் எடுத்த எடைகளைத் தேதியோடும் கிலோவோடும் எழுதுங்கள். முடிவில், தெளிவாக: "பேச்சு டீமுக்கு ஒரு ரெஃபரல், பீடியாட்ரிக் டிஸ்ஃபேஜியா அல்லது ஃபீடிங் டீமுக்குத் தனியாக ஒரு ரெஃபரல் வேண்டும்." டிஸ்ஃபேஜியா (விழுங்குவதில் சிரமம்) என்ற சொல் கடிதத்தில் இருக்க வேண்டும். அனுப்பிய பிறகு இரண்டு கடிதங்களின் நகலையும் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள்.

எடை வரலாறு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே ஒரு தடவை எடுத்த எடையை விட வளர்ச்சி வளைகோட்டில் பிள்ளை எவ்வளவு இறங்கியிருக்கிறான் என்பதைத்தான் பார்க்கிறார்கள். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2017 வழிகாட்டுதலின்படி, பிறந்த எடை 9க்கும் 91க்கும் இடைப்பட்ட சென்டைலில் (அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் எத்தனையாவது இடம் என்று காட்டும் கோடு) இருந்த பிள்ளை இரண்டு சென்டைல் இடைவெளி (இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தூரம்) இறங்கினால் கவலைப்பட வேண்டும். பிறந்த எடை 9க்குக் கீழே இருந்திருந்தால் ஓர் இடைவெளி இறங்கினாலே போதும். 91க்கு மேல் இருந்திருந்தால் மூன்று. இப்போதைய எடை 2ஆவது சென்டைலுக்குக் கீழே இருந்தாலும் அதே கவலைதான். தமிழ்நாட்டுத் தடுப்பூசி அட்டையிலும் இலங்கையின் குழந்தை சுகாதாரப் பதிவேட்டிலும் இந்த எடைகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் கொண்டுவாருங்கள். முட்டுக்காட்டிலுள்ள நிப்மெட் நிறுவனத்திலோ டிஇஐசி என்ற மாவட்ட ஆரம்பகால உதவி மையத்திலோ காட்டியிருந்தால் கிளம்பும் முன் ஆங்கிலத்தில் ரிப்போர்ட் வாங்கிவிடுங்கள்.

சந்திப்பில் நாம் செய்யும் தவறு

"எப்படிச் சாப்பிடுகிறான்?" என்று தெரபிஸ்ட் கேட்பார். நம் வாயில் உடனே வரும் பதில் "நல்லாத்தான் சாப்பிடுறான்." நம் வீட்டில் அந்தக் கேள்விக்கு அளவுதான் பொருள், கிண்ணம் காலியானதா இல்லையா. அவர் கேட்பது வேறு: யார் ஊட்டுகிறார்கள், என்ன பதத்தில், எவ்வளவு நேரம், மெல்கிறானா அப்படியே முழுங்குகிறானா. போனில் பாட்டு ஓட, வாயைத் திறந்து வைத்திருக்கும் பிள்ளைக்குள் மசித்த சாதத்தைத் தள்ளினால் கிண்ணம் காலியாகும். மெல்லும் தசைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. மூன்று வயதில் கையால் ஊட்டுவதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பாலாடையில் பால் புகட்டியிருந்தால், காலில் படுக்க வைத்து ஊட்டியிருந்தால், அதையும் சொல்லுங்கள். படுத்த நிலையில் திரவம் போகும்போது மூச்சுக்குழாய்க்குள் இறங்க வாய்ப்பு அதிகம். தெரபிஸ்ட்டுக்கு அது முக்கியமான தகவல்.

சொல்வதை விட நல்லது வீடியோ. பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, பக்கவாட்டிலிருந்து, தாடையும் கழுத்தும் தெரியும்படி, இரண்டு மூன்று நிமிடம் எடுங்கள். தண்ணீர் குடிப்பது ஒன்று, மசித்தது ஒன்று, கடிக்க வேண்டியது ஒன்று. திரையை அணைத்துவிட்டு எடுங்கள். பால் எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள்: ஒரு வயதுக்கு மேல் நாளுக்குக் குறைந்தது 350 மில்லி என்பதுதான் என்எச்எஸ் (அரசு சுகாதாரச் சேவை) சொல்லும் அளவு. பாட்டிலில் அதைப் போல இரண்டு மடங்கு குடிக்கும் பிள்ளைக்குப் பசி எங்கிருந்து வரும்?

விழுங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வீடியோஃப்ளோரோஸ்கோபி என்ற எக்ஸ்ரே பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பேரியம் கலந்த உணவைப் பிள்ளை விழுங்குவதைப் படமெடுப்பார்கள். வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அறிமுகமில்லாத பிஸ்கட்டைத் துப்பிவிட்டால் பரிசோதனை வீண்.

ஐடிடிஎஸ்ஐ அளவும் நம் சமையலும்

உணவு, திரவங்களின் பதத்துக்கு ஐடிடிஎஸ்ஐ என்ற சர்வதேச அளவுகோலில் 0 முதல் 7 வரை எண் உண்டு. ரிப்போர்ட்டில் அந்த எண்தான் இருக்கும். 5 என்றால் நறுக்கி ஈரமாக்கியது, பிள்ளைகளுக்குத் துணுக்கு 2 மில்லிமீட்டர். 6 என்றால் மென்மையான துண்டு, 8 மில்லிமீட்டர். திரவத்தின் கெட்டியை வீட்டிலேயே 10 மில்லி சிரிஞ்சில் பார்க்கலாம்: 10 மில்லி நிரப்பி, முனையைத் திறந்து 10 விநாடி விடுங்கள். மிச்சம் 1 மில்லிக்குக் குறைவு என்றால் 0, 1 முதல் 4 மில்லி என்றால் 1, 4 முதல் 8 என்றால் 2. சிரிஞ்சைத் தெரபிஸ்ட்டிடமே கேட்டு வாங்குங்கள், எல்லா சிரிஞ்சும் ஒரே நீளம் இல்லை.

நம் சாப்பாட்டில் சிக்கல் ரசம் சாதம்தான். பார்க்க எவ்வளவு குழைவாக இருந்தாலும், அது பருக்கையும் நீரும் சேர்ந்த இரண்டு பதம். நீர் முன்னால் ஓடித் தொண்டைக்குப் போய்விடும், பருக்கை வாயில் நிற்கும், புரையேறுவது அங்கேதான். கஞ்சியும் ஆறினால் தண்ணீர் பிரியும். போதாததற்கு, மாவுச்சத்து எச்சில் பட்டால் நீர்த்துப்போகும்; நக்கிய கரண்டியை மறுபடி கிண்ணத்தில் விட்டால் கடைசி வாய்கள் முதல் வாயை விட நீர்த்திருக்கும். ஆகவே தண்ணீரைக் கெட்டியாக்கச் சொன்னால் கொடுத்த பவுடரையே சொன்ன அளவில் போடுங்கள்; அதற்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழோ சோளமாவோ வேண்டாம். இட்லி மெத்தென்று இருப்பதால் பத்திரம் என்று நாமே முடிவுகட்டவும் வேண்டாம். ஈரமில்லாத இட்லி வாயில் உருண்டையாக ஒட்டும். வீட்டில் வழக்கமாகச் செய்யும் பத்துச் சாப்பாட்டின் படங்களைக் கொண்டுபோய், எது எந்த எண் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

வசம்பு உரைத்து நாக்கில் தடவினால் பேச்சு வரும், நாக்குக் கட்டை வெட்டினால் பேசுவான், அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான் என்று வாட்ஸ்அப்பில் ஊரிலிருந்து வந்துகொண்டேதான் இருக்கும். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் விழுங்கவே தடுமாறும் பிள்ளையின் வாயில் வசம்பு வைக்காதீர்கள். இரண்டு வயதில் ஐம்பது வார்த்தைக்கும் குறைவு, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்கவும் வேண்டாம். அந்தக் கணக்கில் தமிழ் வார்த்தைகளும் சேரும். எழுதிக் கொடுங்கள்: "தண்ணி", "வா", "இந்தா", "அம்மாயி" எல்லாமே வார்த்தைகள்தான். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் நம் பிள்ளைக்கு மதிப்பெண் அநியாயமாகக் குறையும். தமிழ் மொழிபெயர்ப்பாளரை என்எச்எஸ் இலவசமாக ஏற்பாடு செய்யும். இலங்கைத் தமிழா இந்தியத் தமிழா என்று முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பேச்சு தெரபிஸ்ட்டுகளின் தொழில் அமைப்பான ராயல் காலேஜே வீட்டு மொழியைக் கைவிடச் சொல்வதில்லை.

தெரபி தொடங்கினால் வாரத்துக்கு ஐந்து நாள் என்று எதிர்பார்க்காதீர்கள். சில வாரங்கள் ஒரு பிளாக், பிறகு இடைவெளி. அவர்கள் சொல்லிக்கொடுப்பது உங்களுக்கு, வீட்டில் தினமும் செய்ய வேண்டியது நீங்கள். பொறுக்காமல் தனியாரிடம் போவதானால் எச்சிபிசி (தெரபிஸ்ட்டுகளைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள், எண் எஸ்எல் என்று தொடங்கும். விழுங்குதலில் பயிற்சி உண்டா என்று தனியாகக் கேளுங்கள், எல்லாருக்கும் இருக்காது. ஊரிலிருந்து ஆன்லைனில் தமிழ்ப் பேச்சுப் பயிற்சி எடுப்பது நல்லதுதான், புரையேறும் பிள்ளைக்குத் திரை வழியாக ஊட்டல் பயிற்சி மட்டும் கூடாது.

பணம் பற்றி ஒரு கடுமையான எச்சரிக்கை. விசாவுக்காக ஒரு பிள்ளைக்கு வருடம் 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியவர்கள் என்எச்எஸ் தெரபியைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. என்எச்எஸ் சிகிச்சையும் பள்ளிக் கல்வியும் 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அரசு உதவிப் பணம்) கணக்கில் வராது. ஆனால் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான டிஎல்ஏ என்ற உதவித்தொகை அந்தக் கணக்கில் வரும். விசாவில் 'நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்' (அந்தப் பணம் பெற அனுமதியில்லை) என்று இருக்கிறவர்களை, நல்ல மனதோடுதான், "டிஎல்ஏ ஃபார்ம் போடுங்களேன்" என்று நர்சரியிலும் கோயிலிலும் சொல்வார்கள். போட்டால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இஎச்சிபி என்ற, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்குப் பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதலாம். மதிப்பீடு செய்வதா என்று 6 வாரத்தில் பதில் வர வேண்டும், முழுத் திட்டமும் 20 வாரத்தில். பேச்சு தெரபி அதன் எஃப் பிரிவில் இருக்க வேண்டும். "தேவைக்கேற்ப" என்று எழுதினால் ஏற்காதீர்கள், "வாரம் ஒரு தடவை, 30 நிமிடம், தெரபிஸ்ட் நேரில்" என்பது போல எண் போட்டு எழுதச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் இடம் பறிபோவது தவறவிட்ட தொலைபேசி அழைப்பால்தான். மருத்துவமனை அழைப்பு 'நோ காலர் ஐடி' என்று வரும், நாம் எடுக்க மாட்டோம். "இன்னும் வேண்டுமா?" என்று கேட்டு வரும் கடிதத்துக்குக் குறித்த தேதிக்குள் பதில் போடாவிட்டாலும், ஒரு சந்திப்புக்குப் போகாவிட்டாலும் பெயரை எடுத்துவிடக்கூடும். வீடு மாறினால் ஜிபிக்குச் சொன்னது போதாது, இரண்டு டீமுக்கும் தனித்தனியாகச் சொல்லுங்கள். பரோவே (உள்ளாட்சிப் பகுதியே) மாறினால் பழைய ரெஃபரல் தேதியைக் குறிப்பிட்டு மாற்றுக் கடிதம் கேட்டு வாங்குங்கள், பேச்சுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று.