மழைநீர் விலக்கும் பூச்சு: காரின் முன்கண்ணாடிக்கு அது தேவைதானா, தேவையென்றால் எப்படிப் பூசுவது?

காரின் வைப்பர் ரப்பரை மாற்றி ஓராண்டுக்கு மேலாகியிருந்தால், மழைநீர் விலக்கும் பூச்சு வாங்க எடுத்து வைத்திருக்கும் பணத்தில் முதலில் அந்த ரப்பரை மாற்றிவிடுவது நல்லது. சித்திரையும் வைகாசியும் கொதிக்கும் கண்ணாடியின் மேல் கிடந்த ரப்பர், ஐப்பசி மழை வரும்போது விளிம்பு இறுகி, வெடித்து, நீரை வழித்தெடுக்காமல் கோடு கோடாக இழுத்துக்கொண்டு போகும்; அந்த நிலையில் கண்ணாடியில் எதைப் பூசினாலும் பார்வை தெளியாது. பூச்சு பயனற்றது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது ஓரிடத்தில் மிக நன்றாகவும் இன்னோரிடத்தில் தொல்லையாகவும் வேலை செய்யும் பொருள் என்பதால், எந்த இடம் எது என்று தெரிந்துகொண்ட பிறகு கடைக்குப் போவதே சரி.

அழுக்கோ எண்ணெயோ இல்லாத கண்ணாடி இயல்பிலேயே நீரோடு ஒட்டும் தன்மை உடையது. அதன் மேல் விழும் துளி தட்டையாகப் பரவி மெல்லிய படலமாகிவிடும். பூச்சுத் திரவத்தில் இருக்கும் சிலிகோன் அல்லது ஃபுளோரின் சேர்ந்த சேர்மம் கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிமுறையில் பிணைந்துகொண்டு அந்த ஒட்டும் தன்மையைக் குறைத்துவிடுவதால், துளி பரவாமல் குமிழாகத் திரண்டு நிற்கிறது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் ரெயின்-எக்ஸ் என்ற திரவம் சிலிகோன் வகையைச் சேர்ந்தது. பிபிஜி நிறுவனம் உருவாக்கிய அக்வாபெல் ஃபுளோரின் வகை. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மற்றப் புட்டிகளும் பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவையே.

தாமரை இலைத் தண்ணீர் போல மழை கண்ணாடியில் ஒட்டாமல் ஓடிவிடும் என்று எதிர்பார்த்து வாங்குபவர்கள்தாம் அதிகம் ஏமாறுகிறார்கள். தாமரை இலையின் மேல் மெழுகு படிந்த நுண்ணிய மேடுகள் நிறைந்திருப்பதையும், துளி அவற்றின் உச்சியை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பதையும் ஜெர்மன் தாவரவியலாளர்கள் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோப் நைன்ஹுயிசும் 1997இல் விரிவாக விளக்கினார்கள். துளிக்கும் பரப்புக்கும் இடையிலான தொடுகோணம் கூடக் கூடத் துளி உருண்டையாகும்; அந்த இலையில் அது 150 பாகையைத் தாண்டும். வழவழப்பான கண்ணாடியில் பூசிய திரவம் தருவது சுமார் 100 முதல் 110 பாகை வரைதான். ஆகவே துளி திரண்டு நிற்குமே தவிர தானாக உருண்டு ஓடாது. அதைத் தள்ளிவிட ஏதாவது ஒன்று வேண்டும். காரின் முன்கண்ணாடியில் அந்த வேலையைச் செய்வது எதிர்க்காற்று.

இந்தக் காற்றுதான் முழு விவகாரத்தையும் தீர்மானிக்கிறது. வண்டி மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட பிறகு, திரண்ட துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேல்நோக்கி ஓடத் தொடங்கும். கண்ணாடி எவ்வளவு சாய்வாக இருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த வேகம் சற்று முன்பின்னாக மாறும். பெரிய துளிகள் முதலில் நகரும், போகிற வழியில் சிறியவற்றையும் சேர்த்துக்கொண்டு போகும். ஆனால் தூறலின் பொடித் துளிகளுக்கு அந்தக் காற்றும் போதாது. அவை கண்ணாடியெங்கும் வியர்வை அரும்பியதைப் போல அப்படியே நிற்கும்.

நான் முதன்முறை பூசியபோது கண்ணாடியின் இடது பாதிக்கு மட்டும் பூசிவிட்டு, ஓட்டுநர் பக்கமான வலது பாதியை அப்படியே விட்டிருந்தேன். கார்த்திகை மாதத்து இரவு ஒன்றில் ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனத்தைத் தாண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, முன்னால் சென்ற லாரி வாரியிறைத்த சேற்றுநீர் இரண்டு பாதிகளிலும் ஒரே நேரத்தில் விழுந்தது. வலது பாதி, வைப்பர் மீண்டும் வந்து வழிக்கும் வரை, கலங்கிய திரையாக நின்றது. இடது பாதியில் நீர் உடைந்து மணிகளாகி, வைப்பர் வருவதற்கு முன்பே பாதிக்கு மேல் ஓடிவிட்டது. அதே பயணத்தின் முடிவில் ஊருக்குள் நுழைந்து, தூறலில் சிக்னலில் நின்றபோது நிலைமை தலைகீழானது. இடது பாதியில் நின்ற ஒவ்வொரு மணியும் எதிர்வண்டியின் ஹெட்லைட்டை வாங்கித் தனித்தனியாக மின்னியதில் சாலையோரத்தில் நடந்தவர்களைப் பிரித்தறிய முடியவில்லை; பூசாத பாதியில் நீர் பரந்து கிடந்தபோதும் ஆட்கள் தெரிந்தார்கள். பூசலாமா என்று தயங்குபவர்கள் இப்படிப் பாதிக் கண்ணாடியில் பூசி ஒரு மழையைக் கடந்து பார்ப்பதைவிட நல்ல சோதனை வேறில்லை. ஓட்டுநருக்கு எதிரே உள்ள பாதியை மட்டும் சோதனை முடியும் வரை தொடாமல் விட வேண்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 1997இல் செய்த ஆய்வில், மழையில் பூச்சுள்ள கண்ணாடி வழியே பார்த்தவர்கள் நுண்ணிய விவரங்களைக் கூடுதல் தெளிவோடும் விரைவாகவும் கண்டுகொண்டதாகத் தெரிந்தது. அதை நான் நம்புகிறேன். ஆனால் அண்ணா சாலையின் மாலை நெரிசலில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்பவருக்கு அந்த முடிவைப் பொருத்திப் பார்க்கத் தயங்குகிறேன். வாரந்தோறும் சென்னைக்கும் திருச்சிக்கும் இடையில் ஓட்டுபவர், அதுவும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரவில் ஓட்டுபவர், முன்கண்ணாடிக்குத் தயங்காமல் பூசலாம். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஊருக்குள்ளேயே ஓட்டுபவர் முன்கண்ணாடியை விட்டுவிட்டு, பக்கவாட்டு மிரர்களுக்கும் முன்கதவுக் கண்ணாடிகளுக்கும் மட்டும் பூசிக்கொள்வது போதும். செங்குத்தாக நிற்கும் அந்தப் பரப்புகளில் வைப்பர் கிடையாது. நீரின் எடையே துளியைக் கீழே இழுத்துவிடுகிறது. வைப்பரின் உராய்வு இல்லாததால் பூச்சும் நெடுநாள் தங்குகிறது. என் கணக்கில் ஒரு புட்டியின் விலை இந்த இடங்களிலேயே திரும்பி வந்துவிடுகிறது.

வைப்பர் பழுதான லாரிகளில் புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்ப்பதையும், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பதையும் பலரும் பார்த்திருப்பார்கள். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை, ஆனால் அது வேறு வழி. அங்கே தேய்த்த சாறு நீரைத் திரளவிடாமல் ஒரே படலமாகப் பரவச் செய்கிறது. மெதுவாகப் போகும் வண்டியில் மணிமணியாக நிற்கும் நீரைவிடப் படலமாக வழியும் நீரின் வழியே பார்ப்பது எளிது என்பதை ஓட்டுநர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். சைடு மிரரில் ஒட்டுவதற்காக விற்கும் மழைத்தாள்கள் பலவும் இந்தப் படலத் தத்துவத்தைத்தான் பின்பற்றுகின்றன. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், வாசலின் ஆகியவற்றைத் தேய்ப்பது இரண்டிலும் சேராதது. பகலில் பளபளப்பாகத் தெரிந்தாலும், இரவில் எதிர்வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுவதும் எண்ணெய்க் கறை வானவில்லாக விரியும்.

பூசுவதென்று முடிவு செய்தவர்கள் நேரத்தின் பெரும்பகுதியைப் பூசுவதற்கு முந்தைய வேலைக்கு ஒதுக்க வேண்டும். பூச்சு கண்ணாடியோடுதான் பிணையும். நடுவே அழுக்கோ பழைய மெழுகோ இருந்தால் அதன் மேல் உட்கார்ந்து, அதனோடு சேர்ந்து சில நாளில் போய்விடும். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி கைக்குச் சூடு தெரியாத அளவுக்குக் குளிர்ந்த பிறகு, கார் ஷாம்பு கரைத்த நீரால் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் பெரிய பகை உப்புக்கறைதான். போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட வண்டிகளின் கண்ணாடியில் வெள்ளை வளையங்கள் படிந்திருக்கும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, துணியை நனைத்துச் சில நிமிடங்கள் அந்த இடத்தில் போட்டுவைத்தால் புதிய கறைகள் இளகும். அப்போதும் போகாத பழைய கறைகளுக்குச் சீரியம் ஆக்ஸைடு கலந்த கண்ணாடிப் பாலிஷ் கிடைக்கிறது. அதை ஈரம் குறையாமல், பெயிண்டின் மேல் படாமல், ஓர் இடத்தையே அழுத்திக்கொண்டிருக்காமல் தேய்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைக் கண்ணாடிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

கண்ணாடி உண்மையில் சுத்தமாகிவிட்டதா என்பதை ஒரு குவளைத் தண்ணீர் சொல்லிவிடும். மேலிருந்து ஊற்றும்போது நீர் எங்கும் உடையாமல் ஒரே விரிப்பாக இறங்கினால் சுத்தம். ஏதாவது ஓரிடத்தில் விலகித் துளியாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. கழுவக் கொடுத்த கடை ஒன்றில் டேஷ்போர்டுக்குப் போடும் பளபளப்புத் திரவம் ஏறிய அதே துணியால் என் காரின் முன்கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிசுக்கைப் போக்குவதற்குள் மூன்று முறை கழுவ வேண்டியிருந்தது. கழுவிய பிறகு நன்றாக உலரவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் புதிய மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து ஒருமுறை துடைத்துவிட்டால் பரப்பு தயாராகிவிடும்.

பூசும்போது வைப்பர் கைகளைத் தூக்கி நிறுத்திவிட்டு, பானட்டின் பின்விளிம்பில் ஒரு பழைய துணியை விரித்துக்கொள்வது பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் காக்கும். திரவத்தை நேரே கண்ணாடியில் ஊற்றாமல், மடித்த துணியிலோ புட்டியோடு வரும் பஞ்சிலோ சில துளிகள் விட்டு, கண்ணாடியின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, சிறு வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி தேய்க்க வேண்டும். பிறகு மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் ஒருமுறை தேய்த்தால் விடுபட்ட இடம் இராது. ரெயின்-எக்ஸ் போன்ற வகைகளில் திரவம் காய்ந்து வெண்மூட்டமாகத் தெரிந்த பிறகு, பிழிந்த ஈரத்துணியால் துடைத்தெடுத்து, உலர்ந்த துணியால் முடிக்க வேண்டும். வேறு சில வகைகளில் காயும் முன்பே துடைத்துவிட வேண்டும். எவ்வளவு நேரம் காயவிடுவது, எத்தனை மணி நேரம் மழையில் நனையாமல் வைத்திருப்பது என்பவற்றில் புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதையே பின்பற்ற வேண்டும். ஒரு வகைக்கான காணொளியைப் பார்த்து இன்னொரு வகையைப் பூசுவதால்தான் பாதிப் புகார்கள் வருகின்றன. முதல் பூச்சு முடிந்ததும் இரண்டாவது பூச்சைப் போடுவது முன்கண்ணாடிக்கு நல்லது. இருட்டிய பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, தெருவிளக்கின் வெளிச்சத்தில் கண்ணாடியை ஒருமுறை பார்த்தால், பகலில் கண்ணுக்குப் படாத துடைப்புக் கோடுகள் தெரியும்; அவற்றை அப்போதே ஈரத்துணியால் எடுத்துவிடலாம்.

பூசிய பிறகு வைப்பர் தடதடவென்று துள்ளினால் பூச்சையே பழிக்க வேண்டியதில்லை. துடைத்தெடுக்காமல் விட்ட மிச்சம் கண்ணாடியில் ஓரிடத்தில் வழுக்கலாகவும் ஓரிடத்தில் பிடிப்பாகவும் இருப்பதே பெரும்பாலும் காரணம். மீண்டும் ஈரத்துணியால் துடைத்து, ரப்பர் விளிம்பையும் துடைத்துப் பார்த்தால் பல வண்டிகளில் ஓசை நின்றுவிடும். நிற்காவிட்டால் ரப்பர் இறுகியிருக்கும், அல்லது வைப்பர் கை சற்றே முறுக்கிக்கொண்டு ரப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

மழையை உணர்ந்து தானே ஓடும் வைப்பர் உள்ள கார்களிலும், கண்ணாடியின் மேல்நடுவில் கேமரா பொருத்திய கார்களிலும் கையேட்டைப் பார்க்காமல் பூசக் கூடாது. மழையுணரி கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அது எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் கொண்டு நீரின் அளவைக் கணிக்கிறது. நீர் படர்வதற்குப் பதிலாகத் திரண்டு நிற்கும்போது அந்தக் கணிப்பு பிசகக் கூடும். ஹெல்மெட் வைசரில் இந்தக் கண்ணாடிப் பூச்சைத் தடவுவதும் தவறு: அது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக், கண்ணாடிக்கான திரவத்தில் உள்ள கரைப்பான் அதைக் கெடுத்துவிடலாம். பிளாஸ்டிக்குக்கென்றே தனி வகை விற்கிறார்கள்.

மழையில் கண்ணாடி மங்குவதில் கணிசமான பங்கு உட்புறத்து ஆவிக்கு உரியது. அதற்கு இந்தப் பூச்சு மருந்தாகாது. உள்ளே பூசினால் ஆவி இன்னும் நுண்ணிய துளிகளாகப் படிந்து நிலைமை மோசமாகும். ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடும். ஏசியின் குளிரால் கண்ணாடியின் வெளிப்புறம் மங்கினால், வைப்பரை ஒருமுறை ஓடவிட்டுக் குளிரைக் குறைத்தால் போதும்.

முன்கண்ணாடியில் சிலிகோன் வகை சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதங்கள் வரையும், ஃபுளோரின் வகை சில மாதங்களும் நிற்கும். வைப்பர் ஓடும் வில்வடிவப் பகுதியில்தான் முதலில் தேயும். அந்த வில்லுக்குள் நீர் பரவி, வெளியே மட்டும் துளியாக நின்றால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. ஐப்பசி தொடக்கத்தில் ஒருமுறையும் கார்த்திகை நடுவில் ஒருமுறையும் பூசினால் சென்னைப் பக்கத்து மழைக்காலம் கடந்துவிடும். மிச்சமுள்ள புட்டியைக் காரின் டிக்கியில் போட்டுவைக்காமல் வீட்டில் நிழலில் வைக்க வேண்டும். பல வகைகளில் எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால் இருக்கிறது.