ஐபிசெட்டிலிருந்து என்எஃப்டேபிள்ஸுக்கு: தடைப் பட்டியல் ஏறாமல் நின்ற கதை

பழைய லினக்ஸ் சர்வரில் ஐபிடேபிள்ஸும் (ஃபயர்வால் கருவி) ஐபிசெட்டும் (அதற்கு முகவரிப் பட்டியல் தரும் துணைக் கருவி) வைத்துத் தடுத்திருந்த ஐபி முகவரிகளைப் புது சர்வரின் என்எஃப்டேபிள்ஸுக்கு (ஐபிடேபிள்ஸுக்கு அடுத்து வந்த ஃபயர்வால்) மாற்றினேன். முகவரிகள் உள்ள கோப்பை ஏற்றியதும் 'இடைவெளிகள் மோதுகின்றன' (அதாவது முகவரி வரம்புகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன) என்ற பொருளில் ஒரு பிழை. செட்டை, அதாவது என்எஃப்டேபிள்ஸின் முகவரிப் பட்டியலைப் பார்த்தால் ஒரு முகவரிகூட இல்லை. என்எஃப்டேபிள்ஸ் கோப்பை முழுதாக ஏற்கும், இல்லையேல் முழுதாகத் தள்ளும். ஒரு வரி தவறினாலும் எதுவும் ஏறாது.

இரட்டை வரிகளை நீக்கினேன், வரி முடிவுக் குறிகளைச் சுத்தம் செய்தேன், கோப்பைத் துண்டு துண்டாக ஏற்றினேன். சில துண்டுகள் ஏறின, சில ஏறவில்லை. அதில்தான் பிடி கிடைத்தது. 203.0.113.0/24 (203.0.113.0 முதல் 203.0.113.255 வரை) ஒரு வரியில், 203.0.113.7 வேறொரு வரியில். எழுத்தில் இரண்டும் வேறு, அதனால் இரட்டை நீக்கியில் சிக்காது; ஆனால் இரண்டாவது முதலாவதற்குள் அடங்கியது. ஐபிசெட்டின் 'ஹாஷ்:நெட்' என்ற பட்டியல் வகை இதைப் பொருட்படுத்தாது.

செட் வரையறையில் 'ஃபிளாக்ஸ் இன்டர்வல்' (முகவரி வரம்புகளை ஏற்கச் சொல்வது) வரிக்கு அடுத்து 'ஆட்டோ-மெர்ஜ்' (மோதும் வரம்புகளைத் தானாக ஒன்றாக்குவது) சேர்த்தேன். உடனே எல்லாம் ஏறியது. அப்பாடா!

ஏறிய எண்ணிக்கை கோப்பிலுள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அடுத்தடுத்த முகவரிகளையும் ஆட்டோ-மெர்ஜ் ஒன்றாக்கிவிடுகிறது.

இன்னொன்று: தடை விதி, ஏற்கெனவே உள்ள இணைப்புகளை அனுமதிக்கும் விதிக்கு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால், முன்பே இணைந்த முகவரி அந்த இணைப்பு அறும்வரை உள்ளேயே இருக்கும்.