காம்பவுண்ட் டர்போ: டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கம்மின்ஸ் இன்ஜின் போட்ட டாட்ஜ் ராம் ஓட்டுபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சீக்கிரமே பேச்சு டர்போ பக்கம் வந்துவிடும்; எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி அது. ஒரு டர்போ போதாமல் இரண்டைத் தொடராகப் பூட்டும் காம்பவுண்ட் அமைப்பு அவர்களில் பலருடைய ஆசை. செலவு ஆயிரக்கணக்கான டாலர். தவறாகத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பணத்தோடு இன்ஜினும் சேர்ந்து போகும். பெரும்பாலான தவறுகள் வண்டியில் ஸ்பேனர் படுவதற்கு முன்பே, பொருளை ஆர்டர் செய்யும்போதே நடந்துவிடுகின்றன.

அமைப்பு இப்படி. பெரிய டர்போ வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி, சின்ன டர்போவுக்குள் தள்ளுகிறது. சின்னது அதை மறுபடி அழுத்தி இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்கு அனுப்புகிறது. எக்ஸாஸ்ட் புகையின் வரிசை நேர்மாறானது: முதலில் சின்னதன் டர்பைன் (புகை சுழற்றும் சக்கரம்), அப்புறம் பெரியதன் டர்பைன். குறைந்த ஆர்பிஎம்மில் சின்னது உடனே எழுந்துகொள்ளும். சுமை கூடும்போது பெரியது கைகொடுக்கும்.

இரண்டு டர்போவின் பூஸ்ட்டையும் (வெளிக்காற்றுக்கு மேல் ஏறும் அழுத்தம்) கூட்டிக் கணக்குப் போடுபவர்கள் நிறைய. அழுத்த விகிதங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அளவு). இரண்டு டர்போவும் தலா இரண்டு மடங்காக்கினால் மொத்தம் நான்கு மடங்கு, அதாவது 58.8. குழாய்களில் வரும் இழப்பை விட்டுவிட்டால், வெளிக்காற்றின் 14.7 போக, கேஜில் 44 பிஎஸ்ஐ காட்டும். கூட்டிப் பார்த்தவர் 29 தான் வரும் என்று நினைத்திருப்பார்.

இந்தக் கணக்கு மலைப்பாதையில் இன்னும் முக்கியம். டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கப்பாதை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 9.7 பிஎஸ்ஐ தான். 40 பிஎஸ்ஐ பூஸ்ட் வேண்டுமென்றால் கடல்மட்டத்தில் 3.7 மடங்கு அழுத்தினால் போதும். அந்த உயரத்தில் 5.1 மடங்கு அழுத்த வேண்டும். சாலை வண்டிக்கு வாங்கும் ஒற்றை டர்போவை அந்த அளவுக்கு ஓட்டினால், அது வரம்பை மீறிச் சுழன்று சேதமாகும். இரண்டாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 2.3 தான். கனமான டிரெய்லரை ராக்கி மலைகளில் இழுப்பவருக்குக் காம்பவுண்ட் அமைப்பு பொருத்தம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆனால் கம்ப்ரஸர் மேப்பை (காற்றை அழுத்தும் சக்கரம் எவ்வளவு காற்றை எத்தனை மடங்கு அழுத்தும் என்று காட்டும் வரைபடம்) கடல்மட்டக் கணக்கோடு மட்டும் பார்த்து வாங்கினால் இந்த நன்மை கையில் நிற்காது. நீங்கள் இழுக்கப்போகும் மிக உயரமான இடத்தின் அழுத்தத்தை வைத்துப் பாருங்கள்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, எக்ஸாஸ்ட் பக்கத்தைக் கவனிக்காமல் கம்ப்ரஸரின் மில்லிமீட்டரை மட்டும் பார்த்து வாங்குவது. எஸ்475 என்ற டர்போ மாடலை எடுத்துக்கொண்டால், அதில் உள்ள 75 கம்ப்ரஸர் சக்கரத்தின் வாய் அகலம். டர்பைன் சக்கரம் எவ்வளவு, அதைச் சுற்றியுள்ள ஹவுசிங் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. புகையை டர்பைனுக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் கதவான வேஸ்ட்கேட் திறக்காதவரை இன்ஜினின் மொத்தப் புகையும் சின்ன டர்போவின் டர்பைன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். 2004-க்குப் பிந்தைய 5.9 லிட்டர் கம்மின்ஸில் வரும் ஹோல்செட் எச்இ351-ஐயே சின்ன டர்போவாக வைத்துக்கொள்பவர்கள் பலர். அளவான சக்திக்கு அது சரி. அதன் உள் வேஸ்ட்கேட் சிறியது. எரிபொருளைக் கூட்டிக்கொண்டே போனால், சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மேனிஃபோல்டில் புகை தேங்கி, எதிரழுத்தம் பூஸ்ட்டைத் தாண்டி ஏறத் தொடங்கும்.

பூஸ்ட் 45 பிஎஸ்ஐ, மேனிஃபோல்டில் 80 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் புகையை வெளியே தள்ளவே சக்தியைச் செலவழிக்கிறது. சூடான புகையில் ஒரு பகுதி சிலிண்டரிலேயே தங்குகிறது. எக்ஸாஸ்ட் வால்வின் முதுகில் அழுத்தம் விழுந்து, பலவீனமான ஸ்பிரிங் இருந்தால் வால்வு சரியாக மூடாது. இத்தனைக்கும் பூஸ்ட் கேஜ் அழகான எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். எதிரழுத்தம் பூஸ்ட்டுக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருப்பதுதான் நல்ல ஜோடிக்கு அடையாளம். அதனால் மேனிஃபோல்டில் எதிரழுத்தத்துக்கு ஒரு கேஜ், இரண்டு டர்போவுக்கும் நடுவே ஒரு பூஸ்ட் கேஜ், சின்ன டர்பைனுக்கு முன்னால் வெப்பநிலைக்கு ஒன்று: இந்த மூன்றும் டர்போவோடு சேர்ந்தே பட்ஜெட்டில் இருக்க வேண்டும். நீண்ட ஏற்றத்தில் புகையின் வெப்பம் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை.

வெளி வேஸ்ட்கேட் போடும்போது இன்னொரு பிழை நடக்கிறது. திறந்துவிட்ட புகையை நேராக வெளியே விட்டுவிடுகிறார்கள். அது இரண்டு டர்பைனுக்கும் நடுவே போய்ச் சேர வேண்டும். அந்தப் புகைதான் பெரிய டர்போவைச் சுழற்றுகிறது.

பெரியதாக வாங்கினால் பின்னால் உதவும் என்று 80 மில்லிமீட்டருக்கு மேல் தாவுவதும் வழக்கம். இன்ஜெக்டரும் பம்பும் கம்பெனியில் வந்தவையாக இருந்தால் அந்தப் பெரிய சக்கரத்தைச் சுழற்ற வேண்டிய வெப்பமும் புகையும் கிடைக்காது. காற்று மட்டும் சக்தி தராது, எரிபொருள்தான் தரும். 5.9 லிட்டருக்குச் சின்னது 62 மில்லிமீட்டர், பெரியது 75 மில்லிமீட்டர் என்பது பலரும் ஓட்டிப் பார்த்த ஜோடி. இழுவைக்கு அதைத் தாண்ட வேண்டிய தேவை அபூர்வம்.

2007-ன் நடுவில் வந்த 6.7 லிட்டர் கம்மின்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. டர்பைனுக்குள் புகை நுழையும் வழியைச் சுருக்கி விரிக்கும் மாறும் வேன் டர்போ அதில் உண்டு; புகையைத் தடுத்து வண்டியின் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் அதுதான். அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண டர்போ போட்டால் அந்த பிரேக் போய்விடும். டிரெய்லரோடு மலை இறங்கும்போது அதன் அருமை தெரியும். பெரியதை மட்டும் சேர்த்து, இருப்பதையே சின்னதாக வைத்துக்கொள்ளும் கிட்களை முதலில் பாருங்கள்.

டர்போவுக்கே பணம் முழுவதையும் போட்டுவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று விடுவதும் ஆபத்து. கம்மின்ஸ் ஹெட்டைப் பிடித்திருப்பவை 26 போல்ட்கள். பூஸ்ட் ஏறினால் அவை நீண்டு கேஸ்கெட் விடும், ஆகவே அவற்றுக்குப் பதிலாக வலுவான ஸ்டட் முதலில். அடுத்தது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். காம்பவுண்ட் அமைப்பு குறைந்த ஆர்பிஎம்மிலேயே பெரும் டார்க் தருவதால் 48ஆர்இ, 68ஆர்எஃப்இ போன்றவற்றின் கிளட்ச் வழுக்கத் தொடங்கும்.

ஆயில் திரும்பும் குழாய் பார்க்கச் சின்ன விஷயம்தான். பெரிய டர்போவைத் தாழ்வாகப் பொருத்துவதால், ஆயில் தானாக வழிந்து இறங்கப் போதிய சரிவு இல்லாமல் போகலாம். தேங்கிய ஆயில் சீலைத் தாண்டி நீலப் புகையாக வரும். நல்ல டர்போவைக் கெட்டது என்று திருப்பி அனுப்புவது பல நேரம் இதனால்தான்.

கடைசியாகச் சட்டம். இடம் பிடிக்கிறது என்று சொல்லி டீசல் துகள் வடிகட்டியைக் கழற்றச் சொல்வார்கள். சாலையில் ஓடும் வண்டியில் அது கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது. இரண்டு டர்போவும் வடிகட்டியும் சேர்ந்து இருக்க முடியாது என்பதும் உண்மையில்லை; 2008 முதல் 2010 வரை வந்த ஃபோர்டின் 6.4 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இரண்டோடும்தான் ஆலையிலிருந்து வந்தது. கலிஃபோர்னியாவில் இருந்தால், அந்தக் கிட்டுக்கு மாநிலக் காற்று வளக் குழு கொடுத்த அனுமதி எண் இருக்கிறதா, அது உங்கள் மாடல் ஆண்டுக்குப் பொருந்துகிறதா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். பெட்டியில் 'சாலைப் பயன்பாட்டுக்கு அன்று' என்று அச்சிட்டிருந்தால், அந்தப் பொறுப்பை விற்பவர் உங்கள் தலையில் ஏற்றுகிறார் என்று பொருள்.