ரத்தக் கால்சியம்: எண்ணைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

பரிசோதனை அறிக்கையில் கால்சியம் 9.4 என்று இருப்பதைக் கண்டதும் எலும்புகள் உறுதியாக உள்ளன என்று முடிவு கட்டுவதுதான் இப்பொருளில் மிகப் பரவலான தவறு. உடலிலுள்ள ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியத்தில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது. ரத்தத்தில் ஓடுவது ஒரு கிராமுக்கும் குறைவு. அந்தச் சிறு அளவை டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் நிறுத்திவைப்பதற்காக, உணவில் குறை ஏற்படும்போதெல்லாம் உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அடுப்படிப் பானையில் அரிசி குறையவில்லை என்பதால் குதிரில் நெல் நிறைந்திருக்கிறது என்று பொருளாகாது. எலும்பு மெலிவு நோய் முற்றியவரின் ரத்தத்திலும் கால்சியம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும் என்பதால், எலும்பின் அடர்த்தியை அறிய, அதை எக்ஸ்-கதிரால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன்தான் வழி.

அடுத்த தவறு, அறிக்கையில் உள்ள மொத்த அளவையே உடலுக்குப் பயன்படும் அளவாகக் கொள்வது. ரத்தக் கால்சியத்தில் ஏறத்தாழ பாதி மட்டுமே அயனியாக, அதாவது எதனோடும் பிணையாத மின்னூட்டத் துகளாக, தனித்து இயங்குகிறது. எஞ்சியதில் பெரும்பங்கு அல்புமின் என்ற புரதத்தோடு பிணைந்திருக்கிறது. அல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்து தெரியும்; அயனி அளவு மாறாமலே இருக்கக்கூடும். அல்புமின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு கிராமுக்கும் கால்சிய அளவோடு 0.8 மில்லிகிராம் கூட்டிக்கொள்வது பழைய வழக்கம். கல்லீரல் கெட்ட ஒருவருக்கு அல்புமின் 2, கால்சியம் 7.6 என்றால் திருத்திய அளவு 9.2 ஆகிறது. ஆனால் இது தோராயக் கணக்கே. தீவிர சிகிச்சையில் இருப்பவருக்கு அயனிக் கால்சியத்தை நேராக அளப்பதே சரி. இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. அச்சத்தால் ஒருவர் வேகவேகமாக மூச்சுவிடும்போது ரத்தத்தின் காரத்தன்மை உயர்ந்து, அல்புமின் கூடுதல் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, விரல்கள் மடங்கி இறுகிவிடும். அந்த நேரத்தில் மொத்தக் கால்சியத்தை அளந்தால் எக்குறையும் தெரியாது.

தசை சுருங்குவதற்குக் கால்சியம் தேவை என்று படித்த மாணவர், ரத்தத்தில் அது குறைந்தால் தசை தளரும் என்று எழுதிவிடுகிறார். நடப்பது நேர்மாறானது. நரம்புச் செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம், சோடியம் உள்ளே நுழையும் வாயில்கள் எளிதில் திறக்காதபடி காக்கிறது. அது குறைந்தால் நரம்பு சிறு தூண்டலுக்கும் கிளர்ந்து, தசை இறுகித் துடிக்கிறது. இதன் பெயர் டெட்டனி. துருப்பிடித்த ஆணியோடு சேர்த்துப் பேசப்படும் டெட்டனஸ் கிருமி நோய் வேறு. ரத்தம் உறைவதற்கும் கால்சியம் வேண்டும் என்பது உண்மையே. எனினும் உறைதல் கெடும் அளவுக்கு அது இறங்குவதற்கு முன்பே இதயமும் நரம்புகளும் பாதிக்கப்பட்டுவிடும்.

ஹார்மோன்களைப் பற்றிப் பாடநூல்கள் வரையும் தராசுப் படமே ஒரு தவற்றுக்கு வித்து. கழுத்தில் தைராய்டை ஒட்டியுள்ள சிறு சுரப்பிகளிலிருந்து வந்து ரத்தக் கால்சியத்தை உயர்த்தும் பாராதைராய்டு ஹார்மோன் ஒரு தட்டிலும், தைராய்டு சுரந்து அதைத் தாழ்த்தும் கால்சிடோனின் மறுதட்டிலும் சமமாக நிற்பதாக அதில் தோன்றும். 1962இல் ஹரால்ட் காப் கண்டறிந்த கால்சிடோனினுக்கு, வளர்ந்த மனிதரின் அன்றாடக் கட்டுப்பாட்டில் பங்கு மிகச் சிறிது: தைராய்டை முழுதும் அகற்றியவருக்கு அந்த ஹார்மோன் ஏறத்தாழ இல்லாமல் போனாலும், பாராதைராய்டு சுரப்பிகள் பிழைத்திருந்தால் கால்சியம் கட்டுக்குள் நிற்கிறது. பாராதைராய்டு ஹார்மோன் எலும்பை அரிக்கும் செல்களை நேரடியாகத் தூண்டுகிறது என்பதும் பிழை. அதன் ஏற்பிகள் எலும்பைக் கட்டும் செல்களில்தான் இருக்கின்றன. அவை அனுப்பும் சமிக்ஞையே அரிக்கும் செல்களை எழுப்புகிறது. இதே ஹார்மோனின் ஒரு பகுதியை நாளுக்கு ஒருமுறை ஊசியாகச் செலுத்தினால் எலும்பு வளர்வது ஏன் என்பதும் இதை அறிந்தவருக்கே விளங்கும். எலும்பு கரையும்போது பாஸ்பேட்டும் வெளிப்படுகிறது. அது மீண்டும் கால்சியத்தோடு சேராதபடி சிறுநீரகம் அதை வெளியேற்றுவதும் இந்த ஹார்மோனின் ஏவலால்தான்.

உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச உதவும் வைட்டமின் டி குறைவை அறிய, அதன் செயலூக்கம் பெற்ற வடிவத்தை அளப்பது ஏமாற்றும். இருப்பு குறையும்போது பாராதைராய்டு ஹார்மோன் உயர்ந்து, சிறுநீரகத்தில் அவ்வடிவத்தின் உற்பத்தியை முடுக்கிவிடுவதால் அது இயல்பாகவோ மிகுதியாகவோ காட்டும். கல்லீரலில் உருவாகும் 25-ஹைட்ராக்சி வடிவமே இருப்பைச் சொல்லும். மக்னீசியம் மிகவும் குறைந்தவருக்கோ பாராதைராய்டு ஹார்மோன் சரிவரச் சுரப்பதில்லை. மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் கால்சியத்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

மாதிரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கப்பட்டுள்ள இடிடிஏ என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் அளவு பொய்யாக இறங்கும். கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கிவைத்தால் மொத்த அளவு பொய்யாக ஏறும்.

கால்சியம் உண்மையாகவே 11.6 ஆக உயர்ந்திருக்கிறது, பாராதைராய்டு ஹார்மோனோ அச்சிட்ட எல்லைக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னதை இயல்பு என்று கடந்துபோவதே கடைசித் தவறு. அவ்வளவு கால்சியம் ஏறிய ரத்தத்தில் அந்த ஹார்மோன் அடங்கிக் கிடக்க வேண்டும். அடங்காமல் இருப்பதால், சந்தேகம் முதலில் அச்சுரப்பிகளின் மீதே விழ வேண்டும்.