வறட்சிக் காலத்தில் படகேறிப் போய் ஆற்றங்கரையில் தங்குவதற்கு

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்கும் வெருகலுக்கும் இடையில் மகாவலி ஆறு கிளைகளாகப் பிரிந்து கடலைச் சேரும் பகுதியில், வண்டிப் பாதை எட்டாத ஆற்றங்கரைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே கிணறு இல்லை, கடை இல்லை, மலசலகூடம் இல்லை. பல இடங்களில் கைபேசிக்கு அலையும் கிடைப்பதில்லை. படகில் போய் இறங்கினால், ஏற்றிக்கொண்டு வந்தது மட்டுமே கையில் இருக்கும். அத்தகைய கரையொன்றில் நான்கு பேர் இரண்டு இரவுகள் தங்குவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, பல ஆண்டுகளாக நண்பர்களோடு அவ்வாறு போய் வந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூடாரம் அடிப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது பத்து நிமிட வேலை. படகில் என்ன ஏறுகிறது, எது திரும்பி வருகிறது என்பதில்தான் முழுக் கணக்கும் இருக்கிறது.

இந்தக் கணக்கை மிகக் கண்டிப்பாகப் பார்ப்பவர்கள் பாலைவன ஆறுகளில் படகோட்டுபவர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிரீன் ஆறு செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும் பள்ளத்தாக்கு ஒன்றுக்கு, 1869இல் அவ்வழியே படகில் சென்ற ஜோன் வெஸ்லி பவலின் குழுவினர் ‘லாபிரிந்த்’ என்று பெயரிட்டனர். அதற்குக் கீழே ஆறு கனியன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் நுழைந்த பிறகு, கரையில் இராத் தங்குவதற்கு அனுமதிச் சீட்டும், கையோடு கொண்டுசெல்லும் மலப்பெட்டியும், நெருப்பு மூட்டுவதற்கான உலோகத் தட்டும் கட்டாயம். மலமும் சாம்பலும்கூடப் படகிலேயே வெளியே வந்தாக வேண்டும். பாலைவனத்து விதி நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், மூதூரை அடுத்த கொட்டியாரத்துக் கரையில் ஒரு பகல் நின்று பார்த்தவர் கேட்க மாட்டார். பள்ளத்தாக்கும் நமக்கு இல்லாமல் இல்லை. திருகோணமலைக் குடாவின் அடியிலிருந்து ஆழ்கடல் நோக்கிப் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று இறங்குகிறது; அது தண்ணீருக்குள் கிடப்பதால் நாம் அதைக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான்.

காலமும் காற்றும்

ஐப்பசி தொடங்கித் தை வரை இந்தப் பயணத்தை நினைக்கவே வேண்டாம். மாவட்டத்து மழையின் பெரும்பங்கு அந்த மாதங்களிலேயே கொட்டுகிறது. ஆறு கரைகளை மூடி நிற்கும். முதன்முறை போகிறவர்களுக்கு மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரையான காலமே பொருந்தும். வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிராது, ஆற்றில் நன்னீரும் ஓரளவு எஞ்சியிருக்கும். சித்திரையில் பிற்பகலில் இடி மின்னல் வரும் என்பதால், வானம் கறுத்தவுடன் திறந்த மணல்திட்டிலிருந்தும் படகிலிருந்தும் விலகிவிட வேண்டும். தனித்து நிற்கும் மரத்தின் கீழே ஒதுங்கவும் கூடாது.

வைகாசிக்குப் பின்னர் போவதானால் காற்றின் திசையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கச்சான் தென்மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையோரத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் அடங்கிக் கிடப்பது போலத்தான் தெரியும். குடாவின் நடுவில் இயந்திரம் நின்றுபோனால் அதே காற்று படகை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்கு முன் ஆற்றுக்குள் நுழைந்துவிடுவதே முறை. இரண்டு துடுப்புகளும், போதிய நீளமுள்ள கயிற்றோடு ஒரு நங்கூரமும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் இல்லாத படகில், தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏறக் கூடாது.

யாரிடம் சொல்லிவிட்டுப் போவது

இந்த ஆற்றுப் பகுதியை ஒட்டிச் சேருவில-அல்லை சரணாலயமும், மேலே சோமாவதி தேசியப் பூங்காவும் இருக்கின்றன. அவற்றின் எல்லைக்குள் நினைத்த இடத்தில் இறங்கித் தங்க முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எல்லை எங்கே தொடங்குகிறது என்பதைக் கரையில் நின்று கண்டுபிடிக்க இயலாது என்பதால், இறங்கப்போகும் இடத்தை முன்கூட்டியே தீர்மானித்து, அப்பகுதிக் கிராம அலுவலரிடம் கேட்டுக்கொள்வதும், பொலிஸ் நிலையத்தில் பெயர்களைக் கொடுத்துவைப்பதும் நல்லது. இரவில் ஆற்றில் வெளிச்சம் தெரிந்தால் யாரோ வந்து விசாரிப்பார்கள். முன்பே சொல்லிவைத்திருந்தால் இரண்டு வார்த்தையில் முடியும்.

அதைவிட முக்கியமானவர் உள்ளூர்ப் படகுக்காரர். 2009இல் கிண்ணியாப் பாலமும், அதைத் தொடர்ந்து கங்கைப் பாலமும் திறக்கப்படுவதற்கு முன்னர் இந்தத் துறைகளைப் படகிலும், ‘பாதை’ எனப்படும் மிதவையிலும் கடந்து பழகிய தலைமுறை ஒன்று இருக்கிறது. எங்கே மணல் மேடிட்டிருக்கிறது, எங்கே முதலை படுக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அத்தகைய ஒருவரையே அழைத்துக்கொண்டு போவது சிறப்பு. அவர் தங்காமல் திரும்புவதானால், எந்த நாள் எத்தனை மணிக்கு வந்து ஏற்ற வேண்டும் என்பதை அவரிடமும், அவர் வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

தண்ணீர்

ஆற்றங்கரைக்குத்தானே போகிறோம் என்று தண்ணீரைக் குறைத்துக் கொண்டுபோகிறவர்களே அதிகமாக வருந்துகிறார்கள். வறட்சிக் காலத்தில் மேலிருந்து வரும் நன்னீர் குறையக் குறைய, கடல் நீர் முகத்துவாரத்தின் வழியே ஆற்றுக்குள் ஏறுகிறது. உப்பு நீர் கனமானது ஆகையால் அடியில் ஊர்ந்து வரும். மேல்நீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தவர் நல்ல தண்ணீர் என்று நம்புவார், மாலையில் நீர் ஏறும்போது அதே இடம் உவர்க்கும். கொதிக்க வைப்பதால் கிருமி சாகுமே தவிர உப்புப் போகாது.

ஆகவே குடிப்பதற்கும் சமைப்பதற்குமாக ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் என்று கணக்கிடுங்கள். நான்கு பேருக்கு, போகும் நாளும் வரும் நாளும் சேர்த்து மூன்று நாள்களுக்கு 60 லீற்றர். படகு வரத் தாமதமாகலாம் என்பதற்காக இன்னும் 20 லீற்றர். மொத்தம் 80 லீற்றர், அதாவது 80 கிலோ. படகில் கூடுதலாக ஒரு பெரிய ஆள் ஏறுவதற்குச் சமம். அதை ஒரே பீப்பாயில் நிரப்பாமல் 20 லீற்றர் கான்கள் நான்கில் பிரித்து வைக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் மற்றவை இருக்கும். கான்களை வீட்டிலேயே மோந்து பார்த்துவிட்டு நிரப்புங்கள். ஒருமுறை எங்களில் ஒருவர் கொண்டுவந்த கானில் முன்னர் படகு இயந்திரத்துக்கான மண்ணெண்ணெய் இருந்திருக்கிறது. மூன்று தடவை கழுவினாராம். இரண்டாம் நாள் காலைத் தேநீரைக் குடித்த பிறகுதான் எங்களுக்கு அது தெரிந்தது. அந்த 20 லீற்றரும் பாத்திரம் கழுவத்தான் பயன்பட்டது.

ஆற்று நீரை அலம்புவதற்கும், நன்னீர் ஓடும் மேற்பகுதியாக இருந்தால் அவசரத்துக்குக் குடிப்பதற்கும் பயன்படுத்தலாம். கலங்கல் நீரைப் பாலைவனப் படகோட்டிகள் வாளியில் இரவு முழுதும் தெளியவைத்து, படிகாரம் சிறிது கலந்து வண்டலை அடியில் இறக்கிவிடுகிறார்கள். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டு நீர் ஊற்றியதும் இதே வேலைக்காகத்தான். எதைச் செய்தாலும், தெளிந்த நீரை மெதுவாக வடித்தெடுத்துக் கொதிக்கவிட்ட பின்னரே வாயில் வைக்க வேண்டும். ஜீவனிப் பொட்டலங்கள் (நீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பத்தையாவது பையில் வைத்துக்கொள்ளுங்கள். கச்சானில் வேர்வை உடனே காய்ந்துவிடுவதால், உடம்பு எவ்வளவு நீரை இழந்தது என்பது தலைவலி வரும்வரை தெரியாது.

இடம் பார்த்தல்

முதன்முறை நாங்கள் போனபோது எங்களை இறக்கிவிட்ட ஐயா ஒருவர், நாங்கள் தெரிந்தெடுத்த மணல்திட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, தண்ணி இப்ப எங்க நிக்குதெண்டு பாக்காதீங்க, முந்தி எங்க நிண்டதெண்டு பாருங்க.” அன்றிலிருந்து இறங்கியவுடன் முதலில் தேடுவது, காய்ந்த இலையும் சுள்ளியும் பிளாஸ்ரிக் போத்தலும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைத்தான். கூடாரம் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவே என்பது உண்மை. ஆனால் தட்டையான மணல்திட்டில் ஒரு முழம் நீர் ஏறினால் பாதித் திட்டு மறைந்துவிடும். பௌர்ணமி, அமாவாசை நாள்களில் பெருக்கு இன்னும் சற்றுக் கூடும்.

கடலைவிட ஆற்றின் மேற்பகுதிதான் ஏமாற்றும். பாலைவனப் பள்ளத்தாக்கில் தலைக்கு மேலே வானம் தெளிந்திருக்க, எங்கோ பெய்த மழை பக்கவாய்க்கால் வழியாகச் சீறிக்கொண்டு வரும். இங்கே அந்தச் சீற்றம் இராது. எனினும், மத்திய மலைநாட்டில் தென்மேற்குப் பருவமழை பெய்தாலோ, மேலுள்ள நீர்த்தேக்கங்களில் கதவு திறக்கப்பட்டாலோ, ஒரு துளி மழையும் காணாத மூதூரில் ஆறு உயரும். புறப்படுவதற்கு முன்னர், மன்னம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டம் என்னவென்று நீர்ப்பாசனத் திணைக்கள அறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். போய் இறங்கியதும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, இரண்டு மணிக்கொருமுறை பாருங்கள். நீர் ஏறிக்கொண்டே போய், வற்றவேண்டிய வேளையிலும் வற்றாவிட்டால் இருட்டுவதற்கு முன் இடம் மாற்ற வேண்டும்.

மருத மரத்து நிழல் ஆசை காட்டும். காய்ந்த கொப்பு தலைக்கு மேலே இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பிறகு குனிந்து, யானை லத்தியும் நசுங்கிய புல்லும் தெரிகின்றனவா என்று பாருங்கள். யானை தண்ணீருக்கு இறங்கும் வழி மாறுவதில்லை. அதில் கூடாரம் அடித்தவர்தான் மாற வேண்டியிருக்கும். அரித்துக் குடைந்த கரையின் விளிம்பிலும் படுக்கக் கூடாது. பழைய போர்ப் பிரதேசம் இது. மண்ணில் புதைந்தோ ஒதுங்கியோ கிடக்கும் இனந்தெரியாத உலோகப் பொருள் எதையும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும்.

படகைக் கட்டுவது தனி வேலை. முன்புறக் கயிறு உயிருள்ள மரத்துக்கு, பின்புறக் கயிறு நங்கூரத்துக்கு, இரண்டிலும் நீர் ஏறி இறங்குவதற்கு வேண்டிய தளர்வு. மண்ணில் குத்திய கோலை நம்பி நாங்கள் உறங்கிய இரவொன்றில், படகு தானாகவே மிதந்து எதிர்க்கரைக் கண்டற் செடிகளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் முதலையுள்ள ஆற்றில் நீந்திப் போய் எடுக்க யார் இறங்குவது? காலை ஒன்பது மணிக்கு மீனவர் ஒருவர் அவ்வழியே வரும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம்.

முதலையும் பாம்பும்

இலங்கையின் இரண்டு வகை முதலைகளும், நன்னீர் முதலையும் பெரிய உவர்நீர் முதலையும், இத்தகைய ஆற்றுமுகங்களில் வாழக்கூடியவை. சேற்றில் வயிறு இழுபட்ட வழுவழுப்பான தடம் தெரிந்தால் அந்தக் கரையை விட்டுவிடுங்கள். கூடாரம் நீரிலிருந்து இருபது முப்பது பாகம் (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம்) தள்ளியிருக்கட்டும். குளிப்பது ஆற்றில் இறங்கி அல்ல. கயிறு கட்டிய வாளியால் அள்ளி, மேலே வந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். அள்ளும் இடத்தையும் வேளையையும் நாள்தோறும் மாற்றுங்கள், ஏனெனில் பழக்கத்தைக் கவனித்துக் காத்திருப்பதில் முதலையை மிஞ்ச ஆளில்லை. மீன் கழுவிய நீரையும் குடலையும் தங்கும் கரையில் ஒருபோதும் கொட்டாதீர்கள்.

பாம்புகளில் புடையனுக்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். தரையில் உறங்குகிறவர் கட்டுவிரியனுக்கே கூடுதலாக அஞ்ச வேண்டும். அது இரவில் திரியும். உறங்குபவரைக் கடித்தால் பல வேளைகளில் வலியே தெரியாது, விடியும்போது வயிற்றுவலியும் கண்ணிமைச் சரிவுமாகத்தான் வெளிப்படும். அடித்தளம் தைத்து மூடிய கூடாரமோ, ஓரங்களைப் பாயின் கீழே செருகிய நுளம்பு வலையோ இல்லாமல் படுக்கக் கூடாது. கடி என்று சந்தேகம் வந்தாலே கட்டுப்போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தை வீணாக்காமல், கடிபட்டவரை அசையாமல் படகில் கிடத்தித் துறைக்குக் கொண்டுவாருங்கள். 1990 என்ற எண்ணில் அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும், ஆனால் அது வீதிவரைதான் வரும். ஆற்றுப் பயணம் உங்கள் பொறுப்பு. இந்த ஒரு காரணத்துக்காகவே, படகைத் திருப்பி அனுப்பாமல் கூடவே வைத்துக்கொள்வதை நான் விரும்புகிறேன்.

அடுப்பும் கழிப்பிடமும்

கண்டல் மரத்தை விறகுக்கு வெட்டக் கூடாது, காய்ந்ததாகத் தோன்றினாலும். ஒரு சாக்குச் சிரட்டை கொண்டுபோனால் இரண்டு நாளைக்குப் போதும். பழைய தகரப் பீப்பாயைக் குறுக்கே அறுத்து, மூன்று கல்லின் மேல் வைத்து அதற்குள் எரித்தால், மணலும் கறுக்காது, சாம்பலையும் அப்படியே அள்ளிக்கொண்டு வரலாம். கச்சான் வீசும் பகலில் அதுவும் வேண்டாம். காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். அந்நாள்களில் பகலுக்குப் பாணும் சம்பலும், இரவுக்கு, காற்று தணிந்த பிறகு, சோறும் பருப்பும் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாலைவனத்தார் மலத்தைப் பெட்டியில் சுமப்பதற்குக் காரணம், அங்கே காய்ந்த மணலில் எதுவும் எளிதில் மக்குவதில்லை என்பதும், தங்குவதற்கேற்ற கரைகள் மிகச் சில என்பதும். அங்கே சிறுநீரை ஓடும் ஆற்றிலேயே கழிக்கச் சொல்கிறார்கள். இதை மட்டும் நாம் பின்பற்றக் கூடாது. வறட்சியில் நம் ஆறு ஓடுவதே தெரியாது, கீழே ஆள்கள் குளிக்கிறார்கள். நீரிலிருந்து எழுபது பாகமாவது விலகி, மணலில் அல்லாது மக்கும் மண்ணில், ஒரு சாண் ஆழக் குழி வெட்டி மூடுங்கள். மணல்திட்டைத் தவிர வேறு நிலமே இல்லாத இடமானால், இறுக மூடும் வாளியும் மரத்தூளும் கொண்டுபோய், திரும்பியதும் வீட்டு மலசலகூடத்தில் கொட்ட வேண்டியதுதான். முகம் சுளிக்கிறவரைப் பயணத்துக்குச் சேர்க்காதீர்கள்.

புறப்படும் நாளில் குப்பைச் சாக்கு, சாம்பல் தகரம், வெறும் கான்கள் ஆகியவற்றை முதலில் ஏற்றிவிட்டு, கூடாரம் இருந்த இடத்தில் கிழக்கு மேற்காக ஒருமுறை, வடக்குத் தெற்காக ஒருமுறை நடந்து பாருங்கள். ஆணியோ நெகிழித் துண்டோ எப்படியும் ஒன்று அகப்படும். துறையில் இறங்கியவுடன், போகும்போது யாரிடமெல்லாம் சொல்லிவிட்டுப் போனீர்களோ அவர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்ததைச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் கான்களைத் தேசிக்காய்ச் சாறு விட்டுக் கழுவி, மூடியைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்துக் காயவையுங்கள். அவற்றில் மண்ணெண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.