திண்ணைச் சுவரில் குளியலறை டைல்ஸ்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக்கு ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளில் வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தேன். எல்லாமே 9 அங்குலச் செங்கல் சுவர்: நடுவில் 230 மி.மீ. கட்டு, வெளிப்பூச்சு 20, உட்பூச்சு 12. குளியலறைச் சுவரைத் தேர்ந்தெடுத்து, ‘எடிட் டைப்’ வழியாக உள்ளே போய், பசையோடு சேர்த்து 20 மி.மீ. டைல்ஸ் அடுக்கைச் சேர்த்தேன். முப்பரிமாணத்தில் பார்த்த வீட்டுக்கார அண்ணாச்சி, “திண்ணைக்கும் டைல்ஸா?” என்று கேட்டார். பூஜையறையும் தப்பவில்லை.

அடுக்குகள் தனிச் சுவருக்கு உரியவை அல்ல, சுவர் வகைக்கு உரியவை. ஒன்றில் கை வைத்தால் அந்த வகைச் சுவர் எல்லாம் மாறிவிடும். செய்ததை ரத்து செய்துவிட்டு, முதலில் ‘டூப்ளிகேட்’ கொடுத்து, அந்தச் சுவர் வகையை நகலெடுத்து ‘230 குளியலறை’ என்று பெயரிட்டேன், பிறகுதான் டைல்ஸ். இரண்டு சுவர்களில் டைல்ஸ் வெளிப்பக்கம் நின்றது. சுவரைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ் பாரைத் தட்டியதும் திரும்பிவிட்டது.

உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான். புது வகைக்கு மாற்றிய சுவர்களில் செங்கல் கட்டு 10 மி.மீ. வெளியே நகர்ந்திருந்தது. தடிமன் மாறும்போது நகராமல் நிற்கும் கோடான ‘லொக்கேஷன் லைன்’ மொத்தச் சுவரின் மையத்தில் இருந்ததால், கூடிய 20 மி.மீ. இருபுறமும் பாதி பாதியாகப் பிரிந்துவிட்டது. பழைய வகைக்குத் திரும்பி, லொக்கேஷன் லைனை ‘கோர் சென்டர்லைன்’, அதாவது செங்கல் கட்டின் மையக் கோடு, என வைத்து மீண்டும் புது வகைக்கு மாற்றினேன். கட்டு அசையவில்லை, டைல்ஸ் மட்டும் குளியலறைக்குள் நீண்டது. கொத்தனாருக்கு வேண்டியதும் கட்டின் அளவுதானே, பூச்சின் அளவா?